வெள்ளிக்கிழமை உபவாசம் வேண்டாம்

பாளையங்கோட்டை

அன்பு மகனுக்கு, இயேசுவின் நாமத்தில் அம்மா எழுதிக்கொள்வது.

புது வருஷ ஆராதனையில் எடுத்த, வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருப்பதாகச் சொன்னாய். "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின." குடியை விட்டு மூன்று வாரம் ஆகியும் சாயங்காலமானால் நாக்கு தேடுகிறதே, அப்படியானால் நான் புதிதாகவில்லையா என்று கேட்டிருந்தாய். அந்த வசனத்தை எழுதிய பவுல்தான் எபேசு சபைக்கு, பழைய மனுஷனைக் களைந்துபோடுங்கள், புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். ஏற்கெனவே விசுவாசிகளாயிருந்தவர்களுக்கு எழுதியது அது. புதுச் சட்டையைத் தேவன் கொடுத்துவிட்டார் தம்பி, தினமும் எடுத்துப் போடுகிற வேலை நம்முடையது.

தேவன் என்னைச் சோதிக்கிறார் என்று மட்டும் எழுதாதே. நம் வேதத்தில் சோதனை என்ற ஒரே சொல் இரண்டு காரியத்துக்கு வருகிறது. ஆபிரகாமைத் தேவன் சோதித்தது விசுவாசத்தைப் புடமிட. யாக்கோபு முதல் அதிகாரத்தில் சொல்வது வேறு: தேவன் ஒருவனையும் பொல்லாங்குக்கு இழுப்பதில்லை, அவனவன் "தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு" போகிறான். மூலபாஷையில் அந்தச் 'சிக்குண்டு' என்பது தூண்டிலில் இரை வைத்து மீனை இழுப்பதற்குச் சொல்கிற சொல். அதற்கு அப்புறம்தான் இச்சை கர்ப்பந்தரிப்பதும் பாவத்தைப் பிறப்பிப்பதும் வருகிறது. நாக்கு தேடுவது இரையைப் பார்த்த கட்டம், இன்னும் கொக்கி வாயில் ஏறவில்லை.

கொக்கி எப்போது ஏறுகிறது என்பதுதான் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடை வாசலில் நிற்கும்போது என்று நினைக்கிறாய். தாவீது ராஜா அடுத்தவன் மனைவியோடு பாவத்தில் விழுந்த கதையை 2 சாமுவேல் 11-இல் முதல் வசனத்திலிருந்து படி. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம், தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான். சாயங்காலம் படுக்கையிலிருந்து எழுந்து உப்பரிகைமேல் உலாத்துகிறான். பெண்ணைப் பார்ப்பது அதற்குப் பிறகு. உனக்கும் அப்படித்தான். மத்தியானம் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய், ஐந்து மணிக்கு "மச்சி, எங்க இருக்க?" என்று ஒரு செய்தி வருகிறது, வெளியே வந்தால் பழைய வழியிலேயே வண்டியைத் திருப்புகிறாய். கடை வாசலில் போய் ஜெபம் பண்ணுவது ரொம்பத் தாமதம்.

இதனால்தான் வெள்ளிக்கிழமை உபவாசம் எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னது எனக்குச் சம்மதமில்லை. ஆண்டவர் இயேசுவிடம் சோதனைக்காரன் வந்தது எப்போது? நாற்பது நாள் உபவாசம் முடிந்து, பசி உண்டான பிறகு. முதலில் தொட்டதும் அந்தப் பசியைத்தான். டாஸ்மாக் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. நீ காலியான வயிற்றோடு ஆறு மணிக்கு ஆபீஸை விட்டு வந்தால், நான்கு மணி நேரம் அந்த ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டும். உபவாசத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றிக்கொள், ஆராதனை முடிந்ததும் சபையாரோடு சாப்பிட்டு முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே நாலு இட்லியாவது வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடி. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கிடந்தபோது தூதன் வசனம் சொல்லவில்லை, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான்.

அப்படியும் ஆசை எழும்பினால், அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தை அறையில் தனியாக உட்கார்ந்து கழிக்காதே. நட, யாரிடமாவது பேசு. வாய்க்கு ஒரு வசனம் போதும். சோதனைக்காரனுக்கு ஆண்டவர் சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து எடுத்த ஒற்றை வரிகள். அவசரத்துக்கு அவ்வளவுதான் நிற்கும்.

நண்பர்களிடம் நீட்டி விளக்கம் சொல்லாதே. "நான் விட்டுட்டேன்டா" போதும். கூடப் போய் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்ற வீரமும் வேண்டாம். எஜமான் போத்திபாரின் மனைவி பாவத்துக்கு அழைத்து நித்தம் நித்தம் பேசினாலும் யோசேப்பு அவளோடு இருக்கவும் சம்மதிக்கவில்லை, கடைசியில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். ஓடியதற்குப் பரிசு கிடைக்கவில்லை, சிறைதான் கிடைத்தது. ஆகையால் நாளைக்கு, இரண்டு மாதம் குடிக்காமலிருந்தும் ப்ரமோஷன் வரவில்லையே என்று ஆண்டவரிடம் கணக்குக் கேட்காதே.

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்களாமே. இப்போது வேண்டாம். கண்காணியாக வருகிறவன் நூதன சீஷனாயிருக்கக்கூடாது, இறுமாப்பில் விழுவான் என்று பவுல் சொன்னது மேடைக்கும் பொருந்தும். நற்கருணையில் கொடுக்கும் திராட்சரசம் புளிக்காததுதானா என்று சபைப் போதகரான ஐயரிடம் முன்னாடியே கேட்டுக்கொள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆண்டவர் சொன்ன உவமையில், பெருக்கி ஜோடித்த வீடு வெறுமையாய் இருந்ததால்தான் வெளியே போன அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. குடியை எடுத்த இடத்தில் என்ன வைக்கப் போகிறாய்? திருடினவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும்படி கையால் வேலை செய்யட்டும் என்கிறது எபேசியர் 4:28. நிறுத்துவதோடு முடியவில்லை பார், கை திருப்பி வைக்கப்படுகிறது. வாரம் ஆயிரம் ரூபாய் குடிக்குப் போனதென்றால், அதை வெள்ளிக்கிழமையே யாருக்காவது கொடுத்துவிடு, சனிக்கிழமை வரை பையில் வைக்காதே.

உன் அறைத்தோழன் உன்னைப் பார்த்துத் தானும் சட்டென்று நிறுத்துவதாகச் சொன்னானே, அவனைத் தடு. காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கிறவன், ஜெபித்துவிட்டுத் தானாக நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம், அடுத்த நாட்களில் பிதற்றலும் காய்ச்சலுமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தோடு நிறுத்தட்டும். 14416 என்பது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

ஒருவேளை தவறினால், முதல் கிளாஸைவிட அதற்கப்புறம் வருகிற "போச்சு, இனி என்ன" என்ற நினைப்புக்குப் பயப்படு. மிச்சத்தைக் கொட்டிவிட்டு அன்று இரவே ஒரு ஆளிடம் சொல். ஆண்டவரை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் ஒரே ராத்திரியில்தான் விழுந்தார்கள். யூதாஸ் தனியே போய் அழிந்தான். பேதுரு மனங்கசந்து அழுதான், ஆனாலும் மற்ற சீஷர்களை விட்டுப் போய்விடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் போன் பண்ணுவேன். சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்பேன்.

அம்மா