அடிமைக் கப்பல்கள் அதிகம் போனது பிரேசிலுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இந்த விஷயத்துக்குத் தமிழில் இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க வர்ஜீனியா, மிசிசிப்பி, பருத்திக் காடு, லிங்கன். கூடவே போட்டிருந்த வரைபடத்திலும் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் அம்புக்குறி ஒன்றே ஒன்றுதான். அதுவும் நேராக ஐக்கிய அமெரிக்காவில் போய் நிற்கிறது. பள்ளியில் பல வருஷம் வரலாறு நடத்தியவள் என்பதால் இந்தக் குறை எனக்குப் பழகியதுதான். நாம் பார்க்கிற படமும் படிக்கிற நாவலும் பெரும்பாலும் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகின்றன. கண்ணும் அங்கேயே போகிறது.

கணக்கைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 1860கள் வரை ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மிச்சப் பேர் கடலிலேயே மாண்டார்கள். இறங்கியவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வட அமெரிக்க நிலப்பரப்புக்கு வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் ஏறக்குறைய 48 லட்சம். ஜமைக்கா என்ற சின்னத் தீவுக்கே சுமார் 10 லட்சம்.

சரி, இவ்வளவு பேர் போன இடத்தில் அவர்களுடைய எண்ணிக்கை ஏன் அந்த அளவுக்குப் பெருகவில்லை? 4 லட்சம் பேர் வந்த ஐக்கிய அமெரிக்காவில் 1860இல் அடிமைகள் 39 லட்சத்துக்கு மேல். 10 லட்சம் பேர் வந்த ஜமைக்காவில் 1834இல் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்தவர்கள் 3 லட்சத்துச் சொச்சம். காரணம் கரும்பு. வெட்டிய கரும்பை ஓரிரு நாளில் ஆட்டாவிட்டால் சாறு புளித்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை ராத்திரி பகலாக ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பைத் திணிப்பவரின் கை உருளைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வெட்டி எடுக்க, பக்கத்திலேயே கோடரி தயாராக வைத்திருப்பார்கள். கைதான் போகும், ஆலை நிற்காது. ஆள் செத்தால் அடுத்த கப்பலில் வாங்கிக்கொள்ளலாம் என்பது தோட்ட முதலாளியின் கணக்கு. இது கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டாமா?

கட்டுரையாளர் சொல்லும் ‘முக்கோண வணிகம்’, அதாவது ஐரோப்பாவிலிருந்து சரக்கோடு ஆப்பிரிக்கா, அங்கிருந்து அடிமைகளோடு அமெரிக்கா, பிறகு சர்க்கரையோடு மறுபடி ஐரோப்பா என்ற சுற்று, பிரேசிலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஐரோப்பாவைத் தொடாமலே கப்பல்கள் போய் வந்தன. பிரேசிலின் சால்வடோர் நகரத்திலிருந்து, மூன்றாந்தரப் புகையிலையைக் கரும்புப் பாகு தடவிச் சுருட்டி, இன்றைய பெனின் பக்கம் கொண்டுபோனார்கள். ரியோ டி ஜெனிரோவிலிருந்து அங்கோலாவின் லுவாண்டாவுக்குக் கரும்புச் சாராயம் போனது. திரும்பும்போது மனிதர்கள்.

ரியோவில் இதற்காகவே 1811இல் வலோங்கோ துறையைக் கட்டினார்கள். அந்தத் துறை வழியாக வந்திறங்கியவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்கிறது யுனெஸ்கோ. 1843இல் ஒரு மகாராணி வந்திறங்க வேண்டும் என்று அதன் மேலேயே புதுத் துறை போட்டு மூடிவிட்டார்கள். 2011இல் துறைமுகப் பகுதியைச் சீரமைக்கத் தோண்டியபோதுதான் பழைய கல்தளம் வெளியே வந்தது. கூடவே பாசிமணி, சோழி, தாயத்துகள். 2017இல் அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு. கட்டுரை ஒவ்வொரு இடத்து அடிமைகளையும் தனித்தனித் தீவாக நிறுத்திவிட்டுப் போகிறது. அவர்களோ ஒருவரை ஒருவர் அறிந்தே இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மிகப் பெரிய சர்க்கரைக் காலனியில் அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி என்ற சுதந்திர நாட்டை அறிவித்தார்கள். தலைவர் டெசலீன். மறு வருஷமே, 1805இல், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் ரியோவில், கறுப்பினப் படைவீரர்கள் சிலர் டெசலீனின் உருவம் பொறித்த பதக்கத்தை மார்பில் அணிந்திருந்ததைக் கண்டு அதிகாரிகள் அரண்டுபோனார்கள். அதிகாரிகளின் பதிவிலேயே இருக்கும் செய்தி இது.

கியூபாவின் ஹவானாவில் ஹோசே அன்டோனியோ அபோன்டே என்ற கறுப்பினத் தச்சர் இருந்தார். அடிமை அல்ல, சுதந்திர மனிதர், முன்னாள் படைவீரரும்கூட. 1812இல் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் கைது செய்தபோது அவர் வீட்டில் ஒரு சித்திரப் புத்தகம் சிக்கியது. அவரே வரைந்தும் ஒட்டியும் செய்தது. கறுப்பின அரசர்கள், படைத்தளபதிகள், கப்பல்கள், புராணக் காட்சிகள் எனப் பக்கம் பக்கமாக. ஹைட்டித் தலைவர்களின் படங்களும் அவரிடம் இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. நாள் கணக்கில் உட்காரவைத்து, ‘இந்தப் படத்தில் இருப்பது யார், இதை ஏன் வரைந்தாய்’ என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த வருஷம் ஏப்ரலிலேயே தூக்கிலிட்டு, தலையைக் கூண்டில் வைத்து ஊர் பார்க்க வைத்தார்கள். புத்தகம் அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை. விசாரணைக் குறிப்புகள் மட்டும் இருக்கின்றன. அதில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதே போலீஸ்காரன் கேள்வி கேட்ட புண்ணியத்தில்தான்!

எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களுக்குச் செய்தி எப்படிப் போனது? கப்பல் வழியாகத்தான். மாலுமிகளிலும் துறைமுகக் கூலிகளிலும் கறுப்பினத்தவர் ஏராளம். சரக்கு இறங்கும் இடத்தில் பேச்சும் இறங்கும். மனிதர்களும் இடம் மாறினார்கள். ஹைட்டிப் போரிலிருந்து கியூபாவுக்கு ஓடியவர்களை 1809இல் அங்கிருந்தும் விரட்டியபோது, 9,000க்கும் மேற்பட்டவர்கள் நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தார்கள். வெள்ளையர், சுதந்திரக் கறுப்பினத்தவர், அடிமைகள் என ஒவ்வொரு பிரிவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த ஊரின் மக்கள்தொகையே இரட்டித்தது.

அதேபோல, ஸ்பெயினை எதிர்த்துத் தென் அமெரிக்க விடுதலைக்குப் போராடித் தோற்றுப்போய் வந்த சிமோன் பொலிவாருக்கு 1816இல் துப்பாக்கியும் கப்பலும் ஆளும் கொடுத்தவர் ஹைட்டி அதிபர் பெத்தியோன். விடுவிக்கும் மண்ணில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. பத்து வருஷம் கழித்துப் புதிய குடியரசுகள் பனாமாவில் மாநாடு கூட்டியபோது ஹைட்டிக்கு அழைப்பே இல்லை. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது என்றால் இதுதான்.

இந்தத் தொடர்பை இன்றும் கண்ணால் பார்க்கலாம், வாயாலும் ருசிக்கலாம். யொருபா மக்களின் இடி தெய்வமான ஷாங்கோவுக்கு நைஜீரியாவிலும் வழிபாடு உண்டு, சால்வடோர், ஹவானா, டிரினிடாட்டிலும் உண்டு. சால்வடோர் தெருவோரத்தில் வெள்ளை உடுப்புப் பெண்கள் விற்கும் அக்கராஜே நம் வடைக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி: காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, வெங்காயம் சேர்த்து நுரைக்க அடித்து, செம்பனை எண்ணெயில் பொரித்து, நடுவில் கீறி இறாலைத் திணிப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே பண்டம் சாப்பிடுகிறார்கள்.

நம் கரைக்கும் இதில் பங்கு உண்டு, அது பெருமைப்படும் பங்கு அல்ல. ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை வாங்கக் கொடுத்த சரக்கில் இந்தியப் பருத்தித் துணிக்கு முக்கிய இடம். சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் அதில் அடக்கம். புதுச்சேரி அவுரி நீலத் துணி செனகல் பக்கம் பணம் மாதிரியே புழங்கியது. நெய்தவருக்கு அது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும், 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம்மவர்களையே மார்த்தினிக், குவாதலூப் கரும்புக் காடுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போனார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். 1865உடன் அமெரிக்கக் கண்டத்தில் அடிமை முறை முடிந்ததாகக் கட்டுரையின் இறுதிப் பத்தி சொல்கிறது. கியூபாவில் முடிந்தது 1886இல், பிரேசிலில் 1888 மே 13 அன்று. 1850களின் கடைசியில் கியூபாவுக்கு ஆள் கடத்திய கப்பல்கள் பல, நியூயார்க்கில் தயாராகிக் கிளம்பியவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹைட்டி பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். சுதந்திர நாடு என்ற அங்கீகாரம் வேண்டுமென்றால் முன்னாள் முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கொடு என்று பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி மிரட்டியது. பிறகு அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டப் பாரிஸ் வங்கிகளிலேயே கடன் வாங்கி, வட்டியும் முதலுமாக அந்தச் சுமை தீர்ந்தது 1947இல். விடுதலையானவர்கள் தங்களுக்கான விலையைத் தாங்களே கட்டிய கதை இது. 2025 ஏப்ரலில் இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கொண்ட குழு அமைக்கப்படும் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்திருக்கிறார். அந்தக் குழுவின் அறிக்கை வருவதற்குள் நம் வாசகர்களுக்கு முன்கதை தெரிந்திருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை