எர்சுரூம் முதல் லாகூர் வரை என்னைத் தாங்கியவர்களுக்கு

அன்புடையீர்,

1977-இல் லண்டனில் படிப்பு முடிந்ததும், துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாகவே இந்தியா திரும்பினேன். இளம் வயது, கையில் காசு குறைவு, தைரியம் நிறைய. அந்தத் தைரியத்துக்குச் சோறு போட்டவர்கள் நீங்கள்.

துருக்கியின் எர்சுரூம் டீக்கடைக்காரரே, 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் அக்டோபரிலேயே குளிர் எலும்பைத் துளைத்தது. இரவு பஸ் வரும்வரை அடுப்போரத்து பெஞ்சை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தீர்கள். நன்றி.

தெஹ்ரானில் தன் அறையில் தங்கவைத்த மாணவ நண்பரே, மன்னர் ஷாவின் ரகசியப் போலீஸான சாவக்கின் உளவாளிகளுக்குப் பயந்து, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அரசியல் பேசினீர்கள். 1979 ஜனவரி 16 அன்று ஷா நாட்டைவிட்டுப் போன செய்தி வந்தபோது உங்களைத்தான் நினைத்தேன். அடுத்த ஆண்டே ஈராக்குடன் போர் மூண்டது. அது எட்டு ஆண்டு நீடித்ததில், செய்தி கேட்கும்போதெல்லாம் உங்கள் வயதுக் கணக்கு மனசில் ஓடும்.

ஹெராத் பெரியவரே, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டவன். ஈரானிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குள் நுழையும் இஸ்லாம் கலா எல்லையைத் தாண்டும்போதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. உங்கள் விடுதி வாசலில் இறங்கியபோது நிற்கத் தெம்பில்லை. பார்த்த மாத்திரத்தில் அறைச் சாவியைக் கொடுக்காமல் பின்கட்டிலிருந்த உங்கள் வீட்டுக்கே கூட்டிப்போனீர்கள். உள்ளேயிருந்து குழைந்த சோறும் தயிரும் வந்தன. உங்கள் மகன்தான் தட்டை ஏந்தி வருவான். சமைத்த அம்மாவை நான் கடைசிவரை பார்க்கவில்லை. முகம் தெரியாத அந்த அம்மாவின் கை என் அம்மாவின் கையைப் போலவே உப்பு போட்டது. ஜுரம் இறங்கியதும் ஜும்மா மசூதிக்கு அழைத்துப்போய், அந்த நீல ஓடுகளின் கீழ் என்னை உட்காரவைத்தீர்கள். கிளம்பும்போது வாடகையை வாங்க மறுத்து, பைக்குள் திராட்சையைத் திணித்தீர்கள்.

1979 மார்ச்சில் உங்கள் ஊர் கிளர்ந்தெழுந்ததையும், அதை ரத்தத்தில் அடக்கியதையும் பின்னால் படித்தேன். டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது. நான் வந்த அதே சாலையில் எதிர்த்திசையாக, லட்சக்கணக்கில் ஆப்கானியர்கள் ஈரானுக்கு அகதிகளாகப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தால், வழியில் உங்களுக்குச் சோறும் தயிரும் கொடுத்தது யார்? இத்தனை வருஷமாக என்னை விடாத கேள்வி இது.

காபூல் ஷோர் பஜாரில் கடை வைத்திருந்த சீக்கியக் குடும்பத்தாருக்கும் நன்றி. குருத்வாராவில் பந்தியில் உட்காரவைத்து, இன்னும் ஒரு ரொட்டி, இன்னும் ஒரு ரொட்டி என்று வயிறு நிரப்பினீர்கள். 2020 மார்ச்சில் அதே ஷோர் பஜாரில் ஒரு குருத்வாரா தாக்கப்பட்டு 25 பேர் இறந்த செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் டில்லி திலக் நகரில் குடியேறிய காபூல் சீக்கியர்களிடம் போய் உங்களை விசாரித்தேன். உங்களைத் தெரிந்தவர் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களும் சாப்பிடாமல் என்னை விடவில்லை.

லாகூர் புத்தகக் கடைக்காரரே, 1971 போர் முடிந்து ஆறே வருஷம். ஜூலையில்தான் ராணுவத் தளபதி ஜியா ஆட்சியைப் பிடித்திருந்தார். ஓர் இந்தியனோடு போலீஸ் நிலையம் வரை வந்து, பதிவு முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. நின்றீர்கள். வாகாவில் எல்லைக்கோடு வரை என் பெட்டியைச் சுமந்து வந்து, அந்தப் பக்கத்துக் கூலியாளிடம் பத்திரமாக ஒப்படைத்த அண்ணனுக்கும் நன்றி.

ஹாம்பர்க்கிலோ லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்து வீட்டில் ஹெராத்துக்காரர் யாராவது இருந்தால், ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். 1977-இல் அங்கே விடுதி வைத்திருந்த ஒரு பெரியவரைத் தெரியுமா என்றும் எனக்காகக் கேட்டுப் பாருங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்களால் வீடு வந்து சேர்ந்தவன்