496 கி.மீ. கணக்கு

நாகர்கோவில்

மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் விட்டபாடில்லை, மற்றபடி எல்லாரும் சுகம். நீ கேட்டதுக்கே வருகிறேன். சீனாவின் பி.ஒய்.டி. கம்பெனியின் மின்சாரக் கார் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் 2025 செப்டம்பரில் ஜெர்மனியின் பாப்பன்பர்க் தடத்தில் தொட்ட மணிக்கு 496.22 கி.மீ. வேகம் நிஜந்தானா, உலகத்திலேயே வேகமான கார் என்று அதைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். எண்ணை நம்பலாம். பட்டத்தை நான் கொடுக்க மாட்டேன். ஓடியது ஒரு திசையில் மட்டுமாக்கும்.

அதில் என்ன குறை என்பாய். முப்பந்தல் காற்றாடிப் பக்கம் ஆடிக்காற்று மணிக்கு 36 கி.மீ. அடிக்கிறது என்று வைத்துக்கொள். காற்றில்லாத நாளில் 500 போகிற கார், காற்று முதுகில் அடித்தால் 524 வரை போகும். முகத்தில் அடித்தால் 476-ல் நிற்கும். டயரின் உராய்வை விட்டுவிட்டு, காற்றின் எதிர்ப்பை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. ரோட்டின் சாய்வும் இப்படித்தான் வேலை காட்டும். அதனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு திசையும் ஓடி சராசரி எடு என்கிறது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.-வின் விதி. 2019-ல் புகாட்டி சிரோன் காட்டிய 490.48-ம் ஒரு திசைதான். இரண்டு பக்கமும் ஓடியதில் 2017-ல் கோனிக்செக் அகேரா ஆர்எஸ்-இன் 447.19-ம், 2021-ல் எஸ்.எஸ்.சி. டுவாட்டாராவின் 455.3-ம் தான் என் நோட்டில் இருக்கின்றன. அந்த டுவாட்டாரா 2020-ல் 508 சராசரி என்று அறிவித்து, பிறகு இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது உனக்கும் தெரியும்.

அதைப் பிடித்தது பார்வையாளர்கள்தான், வீடியோவை வைத்தே. நீயும் செய்யலாம். நாற்கரச் சாலையில் 200 மீட்டர் கற்கள் நிற்கும் அல்லவா, அதுபோலத் தூரம் தெரிந்த இரண்டு அடையாளங்களைப் பிடி. 500 கி.மீ. வேகத்தில் 200 மீட்டர் கடக்க 1.44 வினாடி. வினாடிக்கு 30 ஃப்ரேம் வீடியோ என்றால் 43 ஃப்ரேம். 50 ஃப்ரேம் வந்தால் வண்டி 430-ல்தான் போகிறது. ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொரு சோதனை டயர் அளவு. யு9 எக்ஸ்ட்ரீமில் நாலு பக்கமும் 325/35 ஆர்20. 325 என்பது மி.மீ. அகலம்; அதில் 35 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 113.75 மி.மீ.; 20 அங்குல ரிம்மோடு கூட்டினால் விட்டம் 735.5 மி.மீ., சுற்றளவு 2.31 மீட்டர். 496-ல் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,580 சுற்று. மோட்டார் 30,000 சுற்று வரை போகும் என்கிறார்கள். அப்படியானால் கியர் குறைப்பு, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று என்பது, 8.4-க்கு மேல் இருக்க முடியாது. அதைவிடக் கூடுதலான விகிதத்தை யாராவது எழுதியிருந்தால், ஒன்று விகிதம் தப்பு, இல்லை வேகம் தப்பு. ஒன்றை மட்டும் மறக்காதே: சுழற்சியில் டயர் கொஞ்சம் விரியும். விட்டம் ஒரு சதவீதம் கூடினாலே 5 கி.மீ. வித்தியாசம் வரும். அதனால் சக்கரச் சுற்றை வைத்துச் சொல்லும் வேகத்தைவிட ஜி.பி.எஸ். அளவுதான் எனக்கு உறுதி.

டயர்தான் இந்தப் பந்தயத்தின் உயிர்நாடி. அந்த வேகத்தில் டயரின் மேல்பரப்பில் ஒரு கிராம் ரப்பர் ஐந்தே கால் கிலோ பலத்தில் வெளியே இழுக்கும். மார்த்தாண்டத்தில் வீல் பேலன்சிங் போடும்போது ரிம்மின் உள்பக்கம் ஒட்டுகிறார்களே அந்த 5 கிராம் வெயிட், அது 17 கிலோ பலத்தில் இழுபடும். அந்தத் திசையில் அது ரிம்மோடு அமுங்குவதால் பிடித்து நிற்கிறது; வெளி விளிம்பில் கிளிப் போட்டு மாட்டியிருந்தால் கதை வேறு. டயருக்குள் பதித்த கம்பி அடுக்கான பெல்ட் ஒன்று பிரிந்தாலோ, காற்று குறைந்து பக்கச்சுவர் கூடுதலாக மடங்கிச் சூடேறினாலோ, ஓட்டுநருக்குத் தெரியும் முன்பே துண்டு பறந்துவிடும். சிரோனின் அந்த ஓட்டத்துக்கு முன்னால் மிஷெலின் டயர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பகட்டுக்காகச் செய்த வேலை இல்லை.

சரி, கோனிக்செக்கின் ஜெஸ்கோ அப்சொலூட் கார்? அது 500-ஐத் தாண்டும் என்பது காகிதக் கணக்கு. ஆனால் பொய்க் கணக்கு இல்லை. காற்றெதிர்ப்புக் குணகம் 0.278, முன்பரப்பு 1.88 சதுர மீட்டர். 500-ல் காற்றைக் கிழிக்க மட்டும் 840 கிலோவாட், ஏறக்குறைய 1,140 குதிரைத்திறன் வேண்டும். 400-க்கு 430 கிலோவாட் போதும். கடைசி நூறுக்கு அதே அளவு இன்னொரு பங்கு. எத்தனால் கூடுதலாகக் கலந்த ஈ85 எரிபொருளில் 1,600 குதிரைத்திறன் இருப்பதால் டயர் உராய்வுக்கும் கியர் நஷ்டத்துக்கும் மிச்சம் இருக்கிறது. இல்லாதது நீளமான, நேரான, சமதளமான ரோடு.

அழகைப் பற்றி நீ சொன்னதில் எனக்குப் பாதி சம்மதம். அப்சொலூட்டின் பின்பக்க இறக்கையை எடுத்துவிட்டு மீன் துடுப்பு மாதிரி இரண்டு வைத்தது உனக்கு மொட்டையாகத் தெரிகிறது. இறக்கை இருந்தால் காற்று வண்டியை அழுத்தும், அழுத்தம் வேகத்தைத் தின்னும். இறக்கை வைத்த ஜெஸ்கோவுக்கு 1,400 கிலோ வரை அழுத்தம். அப்சொலூட்டுக்கு 150 கிலோதான். துடுப்பு நேர்கோட்டில் பிடித்து வைக்கத்தான். சிரோனுக்கு வாலை 25 செ.மீ. நீட்டியதும் பின்னால் சுழலும் காற்றைக் குறைக்கத்தான். வேகக்காரை வாலைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும், மூக்கு விளம்பரத்துக்கு.

ஆனால் உள்ளே பார்க்கும்போது புகாட்டி டூர்பியோனுக்கு நான் தோற்றுப்போகிறேன். ஸ்டீயரிங் வளையம் திரும்பும், நடுமையம் அசையாது. அதன் நடுவே 600-க்கு மேல் பாகங்கள் கொண்ட முள் மீட்டர். பெரிய திரை ஒட்டிய டாஷ்போர்டு ஐந்து வருஷத்தில் பழைய போன் மாதிரி ஆகிவிடும், அந்த முள்ளுக்கு வயசே ஆகாது. அந்தக் காரின் உச்சம் 445 என்றுதான் சொல்கிறார்கள், 500 என்று வீம்பு பேசவில்லை. அதுவும் எனக்குப் பிடித்தது.

யாங்வாங் எதிர்த்திசையிலும் ஓடிய எண் எங்கேயாவது வந்தால் உடனே அனுப்பு. வீடியோவும் இருந்தால் சேர்த்து அனுப்பு, ஃப்ரேமை எண்ணிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டுக்காரன்