எங்கள் ரிலேவுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் இணையத்தில் தம் அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் வலையமைப்பில், பிறருடைய தரவை வாங்கி அடுத்த கணினிக்குக் கடத்தும் சர்வராக நான் இணைத்த ரிலேவுக்கு இந்த வாரம் ஓராண்டு நிறைகிறது. இந்த ஓராண்டில் இரண்டு முறை அது கைவிட்டுப் போயிருக்க வேண்டியது. இரண்டு முறையும் அதை மீட்டுக் கொடுத்தவர்கள் நீங்கள். உங்களுள் ஒருவர் செய்த உதவி மற்றவருக்குத் தெரியாது என்பதால், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவதை விட்டு, எல்லாரும் படிக்கும்படி ஒரே மடலாக எழுதுகிறேன். பெயர் சொல்லாமல் இருக்கும் உரிமைக்காக ஓடும் ஒரு சர்வரைப் பற்றிய மடலில் உங்கள் பெயர்களை ஊரறியப் போடுவது முறையாகாது என்பதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை. இன்னார் இன்னது செய்தார் என்பது உரியவருக்குப் புரியும்.

முதலில், எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல் மாத வாடகையில் பங்கு போட்ட நான்கு நண்பர்களுக்கு நன்றியோடு ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். உங்கள் பணம் ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. டோர் வழியாக இணையத்துக்குச் செல்பவரின் தரவு மூன்று அடுக்கு மறையாக்கத்துடன் மூன்று ரிலேக்களைக் கடக்கிறது. ஒவ்வொரு ரிலேவும் ஓர் அடுக்கைப் பிரித்து அடுத்ததற்கு அனுப்புவதால், அனுப்பியவர் யார், அவர் எங்கே போகிறார் என்ற இரண்டையும் சேர்த்து அறிந்த ரிலே எதுவும் இல்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் பிறந்த இந்த உத்தி 2002இல் டோர் என்ற பெயரில் பொதுவெளிக்கு வந்தது. 2006இலிருந்து ஓர் இலாப நோக்கற்ற நிறுவனம் மென்பொருளைப் பேணி வருகிறது, ஆனால் ரிலேக்களை நடத்துபவர்கள் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள்தாம். நம்முடையது மூன்றாவதாக நின்று இணையதளத்தைத் தொடும் வெளியேறும் ரிலே அல்ல. முதல் இடத்திலோ நடு இடத்திலோ மட்டும் நிற்பது. அதிலிருந்து எந்த இணையதளத்துக்கும் நேரடியாக ஒரு பாக்கெட்கூட (தரவுத் துண்டுகூட) போகாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து, தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா அவர்களுக்கு. ரிலே தொடங்கிய முதல் மூன்று நாட்கள் போக்குவரத்து வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தபோது, ஏதோ பழுது என்று எண்ணி நான் நான்கு முறை நிறுத்தித் திரும்ப இயக்கினேன். புதிய ரிலேவின் வேகத்தை வலையமைப்பின் அளவீட்டு சர்வர்கள் அளந்து முடிக்கும்வரை அதற்குப் பெரிய சுமை தரப்படுவதில்லை என்பதையும், நான் நிறுத்தி இயக்குவதே அந்த அளவீட்டைக் கெடுக்கும் என்பதையும் பொறுமையாக விளக்கியவர் நீங்கள். சில வாரங்கள் கழித்துக் முதல் இடத்தில் நிற்கத் தகுதியானது என்று வலையமைப்பு தரும் அடையாளமான காவல் ரிலே என்ற கொடி கிடைத்தவுடன் போக்குவரத்து கூடாமல் குறைந்ததைக் கண்டு நான் பதறியபோதும், அந்தக் கொடி பெற்ற ரிலேவை நடு இடத்துக்கு எடுப்பது உடனே குறைந்துவிடும், முதல் இடத்துக்கு ஆட்கள் வந்து சேர்வது மெதுவாகத்தான் நடக்கும் என்று சொல்லி என் கையைக் கட்டிவைத்தவரும் நீங்கள்தான். டோரின் ரிலே தேடல் பக்கத்தில் ரிலேவின் பெயருக்கு அருகே மஞ்சள் புள்ளி தோன்றினால் சுமை தாங்கவில்லை என்று பொருள், காரணத்தைச் சரிசெய்த பிறகும் அது மறைய 72 மணி நேரம் வரை ஆகலாம், அதற்குள் எதையும் நோண்டாதே என்றீர்கள். உண்மையில் நினைவகம்தான் போதவில்லை. கூட்டிய பிறகு புள்ளி மறைந்தது.

ஆனால் நீங்கள் கற்றுக்கொடுத்தவற்றுள் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. டிரங்க் கால் காலத்தில், லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஆபரேட்டர் காதில் வைத்தே தீர வேண்டும், ஆனால் ‘ஹலோ’ என்ற குரல் கேட்ட கணமே காதை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு மாலை நீங்கள் சொன்னீர்கள். ரிலேவைக் கண்காணிப்பதும் இதுதான். ரிலேக்களைக் கடந்து செல்லும் வழிகளான சுற்றுகள் எத்தனை திறந்திருக்கின்றன, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டோர் எழுதும் இதயத்துடிப்பு வரி, ரிலேவைக் கண்காணிக்கும் நிக்ஸ் கருவியின் திரையில் ஓடும் வேகம், செயலியின் (சிபியுவின்) சூடு, வட்டின் நலம் ஆகியவற்றை நான் நாள்தோறும் பார்க்கிறேன். இணைப்பவர்களின் முகவரிகளைப் பதிவேட்டில் மறைத்து எழுதும் அமைப்பை ஒருபோதும் அணைத்ததில்லை.

ரிலேவின் சாவிக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் எடுத்துவைக்கும்படி மார்ச் மாதத்தில் நச்சரித்த அலுவலகத் தோழிக்கு நான் அப்போது முகம் சுளித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஜூலையில் சர்வரின் வட்டு செத்தது. ரிலேவின் அடையாளம் என்பது அந்தச் சாவியிலிருந்து பிறக்கும் 40 எழுத்துக் கைரேகைதான். சாவி போனால் அத்தனை மாத நற்பெயரும் போய், முதல் நாள் ரிலேவாகத் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். இருபது நிமிடத்தில் பழைய கைரேகையுடனேயே மீண்டும் எழுந்தோம். அந்த பென்டிரைவ் இப்போது எங்கள் வீட்டு பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது சோதனை 2024 அக்டோபர் இறுதியில் வந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடாதது. நம் சர்வர் உலகெங்கும் உள்ள கணினிகளில், தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் வாசலான 22ஆம் போர்ட்டைத் தட்டித் துழாவுவதாகப் புகார்கள் குவிந்துள்ளன, 24 மணி நேரத்துக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் சர்வர் நிறுத்தப்படும் என்று சர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. டோர் வலையமைப்புக்கு வெளியே ஒரு பாக்கெட்கூட அனுப்பாத ரிலே எப்படித் துழாவும்? யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று அன்றிரவு எண்ணினேன். அந்த நேரத்தில், தமக்கும் அதே நாளில் அதே போன்ற புகார் வந்திருப்பதாகச் சொன்ன, முகமறியாத பிற நாட்டு ரிலே நடத்துநர்கள்தாம் என்னை நிறுத்தினார்கள். உங்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆயினும் இந்த வரி உங்களுக்கானது.

நடந்தது இதுதான். அனுப்புநர் முகவரியாக டோர் ரிலேக்களின் ஐபி முகவரிகளைப் பொய்யாக இட்டு, எவரோ இணைப்புக் கோரும் பாக்கெட்டுகளை 22ஆம் போர்ட்டை நோக்கி இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க மொட்டைக் கடிதம் போட்டு, உறையின் பின்புறம் பக்கத்து வீட்டுக்காரரின் முகவரியை எழுதுவது போல. பெறுபவர்கள் ரிலேக்களைப் பழித்துப் புகார் எழுதுவார்கள், நிறுவனங்கள் ரிலேக்களை வெளியேற்றும் என்பது கணக்கு. தன் வலையத்திலிருந்து வெளியேறும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று ஒவ்வொரு வலையமும் சரிபார்க்க வேண்டும் என்ற பரிந்துரை 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. இன்னும் அதைச் செய்யாத வலையங்கள் இருப்பதால்தான் இந்த வேலை நடந்தது.

பொய் முகவரிக்கு வரும் பதில்கள் நம்மிடம்தானே வந்து சேர வேண்டும் என்று, ஐயா, நீங்கள் சுட்டிக்காட்டிய பிறகே எனக்கு வழி புலப்பட்டது. வந்துபோகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிடும்போது, 22ஆம் போர்ட்டைத் தொடும் பாக்கெட்டுகளின் தலைப்பகுதியை மட்டும் பிடி, மற்றதில் கை வைக்காதே, அது பயனர்களின் போக்குவரத்து என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னீர்கள். நான் நிர்வாகத்துக்கு வேறு போர்ட்டைப் பயன்படுத்துவதால் அங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் நாம் ஒருபோதும் அழைக்காத கணினிகளிலிருந்து ஒப்புதல் பதில்களும் மறுப்புப் பதில்களும் விடியும்வரை வந்துகொண்டிருந்தன. நம்மிடமிருந்து புறப்பட்ட கோரிக்கை ஒன்றுகூட இல்லை. சான்று கிடைத்துவிட்டது என்று நான் துள்ளியபோது, “உன் சாட்சியை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? அவர்களுடைய ரவுட்டரையே சாட்சிக்குக் கூப்பிடு” என்றீர்கள்.

நிறுவனத்துக்கான பதில் கடிதத்தை எழுதிய தங்கை மகளுக்கு என் தனி நன்றி. நான் எழுதிய முதல் பத்தி முழுக்கக் கோபம். “இது வேண்டாம், மாமா” என்று அதை அடித்துவிட்டு, என்ன புகார், நம் பதிவில் என்ன தெரிகிறது, உங்கள் எல்லை ரவுட்டரின் பதிவில் இந்த நேரத்துக்கு இந்தப் போர்ட்டை நோக்கி எங்கள் முகவரியிலிருந்து ஏதேனும் புறப்பட்டதா என்று தயவுசெய்து பாருங்கள் என மூன்றே பத்தியில் முடித்தாள். சட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவு அது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வாயை மூடிக்கொண்டு கெடு முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம் என்ற நிலையில், இரவுப் பணியிலிருந்த அந்த நிறுவன ஊழியர் உண்மையாகவே தம் பதிவுகளைத் திறந்து பார்த்து, எதுவும் புறப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் எழுதிப் புகாரை மூடினார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பிடித்த பதிவை அன்றே அழித்துவிட்டேன்.

டோர் நிறுவனத்தின் சொந்த சர்வர்களையும், வலையமைப்பின் பட்டியலை வகுக்கும் தலைமை சர்வர்களையும் இதே புகார்கள் விட்டுவைக்கவில்லை. இன்டர்செக்லேப், கிரேநாய்ஸ் ஆகிய அமைப்புகளின் ஆய்வாளர்கள் துணைநிற்க, நவம்பர் 7 அன்று அந்தப் பொய்ப் பாக்கெட்டுகளின் ஊற்று கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. அவர்களுக்கும் வணக்கம்.

கடைசியாக ஒரு செய்தி. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் புதுப்பிப்புக்காகச் சர்வரை ஒருமுறை நிறுத்தி இயக்குவேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்ட்டைத் தட்டிப் பார்த்து உங்கள் எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு கட்டாயம் அலறும். பத்து நிமிடம் பொறுத்திருங்கள். போன தடவை போல எல்லாரும் ஒரே நேரத்தில் என்னை அழைக்க வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் ரிலே நடத்துநர்