எக்ஸ் போட்ட வீடுகள்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். பாட்டிக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை.

எடை குறைந்த குழந்தைகளுக்காகப் பாட்னாவில் நாலு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகிற திட்டத்தில், பேனரில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடுகிறது என்று அன்றைக்கு வருத்தப்பட்டாய். நான் பதில் சொல்ல ஆரம்பித்ததும் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வி.எச்.என். ஆக, அதாவது கிராம சுகாதார செவிலியராக, இருந்த காலத்தில், போலியோ முகாம் வந்தாலே வேலை எங்கள் தலையில்தான் விடியும். அங்கன்வாடி டீச்சர், சத்துணவு அமைப்பாளர், தலையாரி, கல்லூரிப் பிள்ளைகள், ரோட்டரிக்காரர்கள் என்று எல்லோரும் வருவார்கள். பேனரில் எத்தனையோ முத்திரை இருக்கும். இடுப்பில் குழந்தையோடு வருகிறவள் ஒருத்தியாவது அதை நிமிர்ந்து பார்த்திருப்பாளா? அவள் கண் மருந்துக் குப்பியின் மேல் இருக்கும். என் கண் அந்தக் குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன வட்டத்தின் மேல் இருக்கும். வட்டத்துக்குள் ஒரு சதுரம். அது வெளுத்து இருக்கிறவரை மருந்து நல்ல மருந்து. வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் யார் சொன்னாலும் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. கலெக்டரே வந்து நின்றாலும் அதே சட்டம்தான். எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படியொரு அடையாளம் உங்கள் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்.

நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் டி. ஜேக்கப் ஜானைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவனவனுக்கு வயது வரும்போது மருந்து கொடுத்தால் போதாது, ஊரிலுள்ள எல்லாக் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும், அப்போதுதான் கிருமிக்குப் போக்கிடம் இருக்காது என்று நாடு கேட்பதற்கு முன்பே வேலூரிலிருந்து சொன்னவர். 1995-ல் அதையே நாடு முழுக்கச் செய்ய ஆரம்பித்தார்கள். சொட்டு மருந்து மட்டும் போதாது, ஊசி மருந்தும் வேண்டும் என்றும் வெகுகாலம் வாதாடினார். அந்த ஊசி 2015-ல்தான் அரசின் தடுப்பூசிப் பட்டியலில் சேர்ந்தது. சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காக அவர் ஒதுங்கிப் போய்விடவில்லை. இப்படி உள்ளே இருந்துகொண்டே முரண்படுகிற ஆளை உன் கூட்டத்தில் யாராவது 'நெகட்டிவ்' என்று சொன்னால் நம்பாதே.

இனி உன் பக்கத்துக் கதை. தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நிற்கவே இல்லை. 2009-ல் நாட்டில் 741 குழந்தைகளுக்கு வந்தது, பெரும்பாலும் அந்த இரண்டு மாநிலங்களில். பத்துத் தடவை மருந்து குடித்த பிள்ளைக்கும் வந்தது. ஜன நெருக்கடி, அசுத்தத் தண்ணீர், ஓயாத வயிற்றுப்போக்கு. இதில் சொட்டு மருந்து குடலில் சரியாகப் பிடிக்காது. குடித்தால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி வேறு. சில கிராமங்களில் 'முதலில் ரோடு போடு, கரண்டு கொடு, அப்புறம் சொட்டு மருந்து' என்று கதவைச் சாத்தினார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? வருஷத்துக்குப் பல தடவை இந்த ஒரு மருந்துக்காக மட்டும் வீடு தேடி வருகிற அரசாங்கம், மற்றதற்கெல்லாம் எங்கே போயிருந்தது?

அங்கே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சாக்குக்கட்டியால் குறி போடுவார்கள். எல்லாப் பிள்ளையும் குடித்துவிட்டால் 'பி'. ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் 'எக்ஸ்'. எக்ஸ் போட்டதோடு விட முடியாது. ஏன் என்று எழுத வேண்டும். வீடு பூட்டியிருந்ததா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, வெளியூர் போயிருக்கிறார்களா, வேண்டாம் என்றார்களா? சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து அன்றைய எக்ஸ் வீடுகளைப் படிப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் டாக்டர், யுனிசெஃப் ஆள், அரசு டாக்டர், ரோட்டரிக்காரர், எல்லோர் முன்னாலும் ஒரே பட்டியல். பூட்டிய வீட்டுக்கு மறுநாள் ஆள் போகும். வேண்டாம் என்ற வீட்டுக்கு டாக்டரை அனுப்பிப் பயனில்லை. அதே தெருவில் வாழ்கிற பெண் போவாள். அதற்கென்றே யுனிசெஃப் அந்தந்தத் தெருப் பெண்களை ஆயிரக்கணக்கில் சேர்த்திருந்தது. அவளுக்கும் திறக்காத கதவை இமாம் போய்த் தட்டுவார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்து ஆட்களும் கூட வருவார்கள். இங்கே எங்கள் பக்கத்திலும் ஜும்மா தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் மைக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மத்தியானத்துக்குள் எனக்கு இன்னொரு குப்பி வேண்டியிருக்கும்.

ரோடு கேட்டவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. 2009-ல் உ.பி.யிலும் பீகாரிலும் சேர்த்து 107 ஒன்றியங்களைத் தனியாக எடுத்து, சொட்டு மருந்தோடு கைகழுவுவது, தாய்ப்பால், உப்புச் சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை, குடிதண்ணீர் என்று எல்லாவற்றையும் சேர்த்தார்கள். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கிற இடம், ஓடுகிற ரயில், கோசி ஆற்றுப் படுகை ஒன்றையும் விடவில்லை. 2010 தொடக்கத்தில் புது வகைச் சொட்டு மருந்தும் வந்தது. அந்த வருஷம் நாடு முழுக்க 42 பேருக்குத்தான் வந்தது. 2011 ஜனவரி 13-ம் தேதி ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் நாட்டில் போலியோ இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

இதை ஒரேயடியாகப் புகழவும் எனக்கு மனசு வரவில்லை. முகாம் வாரத்தில் கர்ப்பிணிப் பரிசோதனை தள்ளிப்போகும், மற்ற தடுப்பூசி தள்ளிப்போகும், கேட்டால் 'மேலிடத்து உத்தரவு' என்பார்கள். ஒரு நோயை ஒழிக்க மற்ற வேலையெல்லாம் காத்துக் கிடந்தது. நீங்களும் எடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதே கதைதான். பிள்ளை எடை குறைவதற்குக் காரணம் பாதி நேரம் அந்தத் தாயின் ரத்தசோகையாக இருக்கும், மீதி நேரம் வீட்டுக்கு வெளியே ஓடுகிற சாக்கடையாக இருக்கும். அதைச் சரிசெய்கிற இலாகாவை உங்கள் கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டிருக்கிறீர்களா?

லீடர்ஷிப் பயிற்சிக்குப் போய்வந்ததைச் சொன்னாய். நல்லது. ஆனால் நான் பார்த்த நல்ல தலைவர்கள் மேடையில் அதிகம் பேசியதில்லை. எங்கள் எம்.ஓ., அதாவது மருத்துவ அலுவலர், ஒருவர் இருந்தார். பத்திரிகைக்காரர்கள் வந்தால் ரோட்டரித் தலைவரை முன்னால் நிறுத்துவார், சாயங்காலம் விட்டுப்போன பிள்ளைகளின் கணக்கைத் தானே எடுத்துக்கொள்வார். பெயர் அவர்களுக்கு, பாக்கி எனக்கு என்பார். அதனால் ரோட்டரிக்காரர்கள் அவர் கேட்பதற்கு முன்பே வண்டி அனுப்பினார்கள்.

உங்கள் நாலு நிறுவனத்திடமும் தனித்தனிப் பதிவேடு இருப்பதாகச் சொன்னாய். அப்படியென்றால் ஒரே பிள்ளை மூன்று பதிவேட்டில் இருக்கும், இன்னொரு பிள்ளை ஒன்றிலும் இருக்காது. பேனர் சண்டையை அவர்களிடமே விட்டுவிடு. வேண்டுமானால் உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் போடச் சொல். அதற்குப் பதிலாக ஒன்று கேள்: ஒரே ஒரு பஞ்சாயத்துக்கு நாலு பட்டியலையும் ஒன்றாக்கித் தரச் சொல். அந்த ஊர் ஆஷாவை, வீடு வீடாகப் போகிற அந்தச் சுகாதாரப் பணியாளரை, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வீடு வீடாகப் படி. எந்த வீடு விட்டுப்போயிற்று என்று அவள் சொல்லிவிடுவாள். அவள் பேசும்போது சார்கள் யாரும் குறுக்கே பேசாமல் நீ பார்த்துக்கொள்.

என்ன ஆயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். வேறு அழைப்பு வந்தால் எடுக்காதே.

இப்படிக்கு,
அம்மா