51 நிமிடப் பயணம் என்று சொல்லி விற்ற டிக்கெட் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
விமான டிக்கெட் முன்பதிவுப் பிரிவு.

பொருள்: தூத்துக்குடி - கோவை தூரம், பயண நேரம் பற்றிய தவறான தகவல், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோவையில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான். 4:30க்கு ராகு காலம் தொடங்குவதால் 3:30க்கே தாம்பூலம் மாற்ற முடிவு செய்திருந்தார்கள். பஸ்ஸில் போனால் எட்டு மணி நேரம் இடுப்பு ஒடியும் என்று உங்கள் தளத்தைத் திறந்தேன். "தூத்துக்குடி - கோயம்புத்தூர்: 277 கி.மீ., விமான நேரம் 51 நிமிடம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழேயே முன்பதிவுப் பொத்தான். காலை 10:50 விமானம், 8,640 ரூபாய். மதியச் சாப்பாட்டுக்கே போய்விடலாம் என்று அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லியும் விட்டேன்.

வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் என் கையில் இரண்டு போர்டிங் பாஸ் கொடுத்தார். "ஒன்று போதுமே அம்மா" என்றேன். "சார், சென்னையில இறங்கி அடுத்த ஃபிளைட் ஏறணும்" என்றார். கோவைக்கு நேரடி விமானமே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

12:20க்குச் சென்னை. அங்கே மூன்று மணி நேரம் காத்திருந்தேன். கோவையில் தரையிறங்கியபோது 4:35. தாம்பூலம் மாற்றும்போது என் இடத்தில் என் தம்பி நின்றிருக்கிறான். அக்கா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

டிக்கெட் விவரத்தில் சென்னையின் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது உண்மைதான். நான் கவனித்திருக்க வேண்டும், சரி. ஆனால் அந்த 51 நிமிடம் எங்கிருந்து வந்தது? ஊர் திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 277 கி.மீ. என்பது வரைபடத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் வரும் தூரம். மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 21 நிமிடம். ஏற இறங்க என்று அரை மணி நேரத்தைக் கூட்டினால் 51. அவ்வளவுதான் உங்கள் கணக்கு. அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

வேகமாவது சரியா என்றால் அதுவும் இல்லை. நான் சென்னைக்கு ஏறியது இறக்கைக்கு அடியில் காற்றாடி சுற்றும் ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கி.மீ. போனாலே அதிகம். நான் வானத்தில் போன வழி சென்னைக்கு சுமார் 527, அங்கிருந்து கோவைக்கு 404, ஆக மொத்தம் 931 கி.மீ. காகம் பறக்கிற தூரத்தைக் காட்டி, மூன்று மடங்குக்கு மேல் சுற்ற வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் உதவி மையத்தில் பேசியவர், அது "பொதுத் தகவல்" என்றார். பொதுத் தகவலுக்குக் கீழே எதற்குப் பணம் கட்டும் பொத்தான்?

8,640 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு அந்த நிமிடக் கணக்கை எடுத்துவிட்டு, மாறும் ஊரையும் மொத்த நேரத்தையும் அதே கொட்டை எழுத்தில் போட வேண்டும். 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன். இரண்டு போர்டிங் பாஸ், உங்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாடிக்கையாளர்