ஆடி வரைக்கும் எங்கள் மண் காத்திருக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பில் வந்த வீட்டுத்தோட்டப் பக்கத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் உரக்கப் படித்தது என் மருமகள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். சித்திரை, வைகாசியில் புதிதாக எதையும் நட வேண்டாம், இருக்கிற செடிக்குத் தண்ணீர் ஊற்றி நிழல்வலை கட்டினால் போதும், ஆடிப்பட்டம் வரட்டும் என்று அதில் இருந்தது. நான் அப்போது மண்வெட்டியோடு நின்று இஞ்சிப் பாத்திக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, பேப்பர்ல வேண்டாம்னு போட்டிருக்கே" என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு விளவங்கோடு தாலுகாவில், அருமனைக்குப் பக்கம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் ஆட்சியில் கிடந்து, 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தவை. மழைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் இறங்கும்போது எங்களுக்கும் சேர்த்தே இறங்குகிறது. அதற்கு முன்னால் சித்திரையில் பிற்பகலானால் இடியோடு கோடைமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கும் வந்து போகும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியில் தப்பில்லை. ஆனால் அது நாகர்கோவில் பஸ் ஏறி வந்தாலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலேயே இறங்கிக்கொள்கிறது. கணவாயைத் தாண்டி மேற்கே வந்தால் பலாவும் ரப்பரும்தான். கிழக்கே காற்றாலையைச் சுற்றுகிற அந்த வறண்ட காற்று இங்கே இல்லை. எங்கள் நெல்லுக்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று பூக்கணக்கு வேறு; பூ என்றால் போகம். கன்னிப்பூவுக்குச் சித்திரை, வைகாசியிலேயே விதைப்பு தொடங்கிவிடும்.

இஞ்சியும் மஞ்சளும் மழைக்கு முந்தியே மண்ணுக்குள் போய்விட வேண்டும். முறைப்படி மேடம், அதாவது சித்திரை, பத்தாம் நாள், பத்தாமுதயத்துக்கே நட்டிருப்பேன். பிள்ளைகள் பள்ளி லீவுக்கு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மீட்டர் அகலம், ஒரு அடி உயரத்தில் பாத்தி. பாத்திக்குப் பாத்தி வடிகால். இந்த வடிகாலில் ஏமாற்றினால் ஆனி மழையில் தண்ணீர் நின்று கிழங்கு அழுகிவிடும், பிறகு எந்த மருந்தும் காப்பாற்றாது. முளை உள்ள இஞ்சித் துண்டு பதினைந்து இருபது கிராம் இருந்தால் போதும். பேரன் தராசு கேட்டான். கட்டைவிரல் அளவு என்று காட்டிக் கொடுத்தேன். யார் கட்டைவிரல் என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். நட்டதும் சீமைக்கொன்னைத் தழையை வெட்டி, மண் தெரியாமல் பாத்தியை மூடினோம். மழைத்துளி நேராக விழுந்து மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்க அது வேண்டும்.

காச்சில் என்கிற பெருவள்ளிக்கிழங்குக்கு வேலை கூடுதல். முக்கால் முழத்துக்குக் குழி, உள்ளே சாணமும் சருகும், மேலே மண்ணைக் கூட்டி மேடு. கால் கிலோத் துண்டுகளாக வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் ஆற வைத்து நட வேண்டும். விதைக்காச்சிலை முந்தின வாரமே பனச்சமூடு சந்தையில் வாங்கி வைத்திருந்தேன். சாணிக் கரைசலில் கைவைக்கச் சென்னைப் பேரன் ஐந்து நிமிடம் யோசித்தான், பிறகு அவனை அதிலிருந்து எடுப்பதுதான் பாடாக இருந்தது. கொடி ஏற அயனி மரத்திலிருந்து கயிறு கட்டிக் கொடுத்தவன் என் மகன். சேனை மாசியிலேயே நட்டாயிற்று. "கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு" என்பது எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள சொல்; கும்பம் மாசி, மீனம் பங்குனி. அந்த முளைகள் இப்போது பிள்ளைகள் முழங்கால் உயரத்துக்குக் குத்திட்டு நிற்கின்றன, குடை விரியவில்லை. ஆடி வரைக்கும் நாங்கள் காத்திருந்தால், தைப்பொங்கலன்று பானைக்குப் பக்கத்தில் வைக்கக் கிழங்குக்குச் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

மருமகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த செங்கீரை விதையை நானே போன வருஷம் மே கடைசியில் தூவி, ஜூன் மழையில் இலையெல்லாம் வெள்ளைப்புள்ளி விழுந்து பிடுங்கிப் போட்டேன். கீரைக்கு மழை ஓய வேண்டும். ஆக, உங்கள் பட்டியலை எழுதியவர் சொன்னது கீரைக்கு ஓரளவு பொருந்தும், கிழங்குக்குப் பொருந்தாது.

தோட்டத்தைப் பற்றியே எழுதிவிட்டேன். உண்மையில் அன்றைய பாதி வேலை வீட்டுக்குள். இடவப்பாதி என்று நாங்கள் சொல்கிற தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் பிறகு இரண்டு மாதம் வெயில் என்பது விருந்தாளி. அதனால் காய வைக்க வேண்டியதெல்லாம் இப்போதே காய வேண்டும். முற்றத்தில் ஒரு பாயில் அவித்துச் சீவிய மரச்சீனி (மரவள்ளி), இன்னொரு பாயில் கொப்பரை. புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து, உருட்டிப் பானையில் அடைத்துக்கொண்டிருந்தார் என் மனைவி. சக்கைக்கொட்டையை, அதாவது பலாக்கொட்டையை, செம்மண்ணில் புரட்டி மூலையில் குவித்து வைப்பதும் உண்டு. அப்படி வைத்தால் ஆடியிலும் வாடாமல் கிடக்கும், மழைநாளில் முருங்கைக்காயோடு போட்டுக் குழம்பு வைக்கலாம். வருக்கைச் சக்கை ஒன்றை வெட்டியபோது கையில் தேங்காயெண்ணெய் தடவ மறந்த மகன், மதியம் வரை விரலைத் தேய்த்துக்கொண்டு திரிந்தான். தென்னையின் கொதும்பும் மட்டையும் விறகுப்புரைக்குள் போயின. கூரை ஓரத்துத் தண்ணீர்ப் பாத்தியிலிருந்து ஒரு கூடைச் சருகு இறங்கியது.

பத்தரை மணிக்கு ஆண்கள் நாங்கள் கைகால் கழுவித் திண்ணையில் சாய்ந்துவிட்டோம். பெண்கள் சாயவில்லை. நான் இந்தக் கடிதத்தைப் பற்றி மனைவியிடம் பெருமையாகச் சொன்னபோது, "நடுறது நீங்க. தோலு சீவி, கை சொறிஞ்சு கறி வைக்கது ஆரு? அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. முதல் இடிக்கே எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம். மரச்சீனிப் பாயை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்துத் தூக்கினோம். கொப்பரையில் ஒரு கூடை நனைந்தது, அது என் பொறுப்பில் இருந்தது. அரைமணி நேர மழை. ஓய்ந்ததும் பிள்ளைகள் முதலில் ஓடியது பாத்திகளைப் பார்க்க. தழை அப்படியே இருந்தது, தண்ணீர் வடிகாலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மருமகள் ஒன்றும் சொல்லாமல் குனிந்து ஒரு தழையை விலக்கி ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் போடுகிற இடத்தில், மேற்குமலையை ஒட்டிய எங்களைப் போன்றவர்களுக்கு நான்கு வரி தனியே ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். திருவாதிரை ஞாற்றுவேளை பற்றியாவது ஜூன் நடுவில் போடுங்கள். சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் இருக்கிற பதின்மூன்று பதினான்கு நாளை ஞாற்றுவேளை என்கிறோம். திருவாதிரையில், அதாவது ஜூன் 22 வாக்கில் தொடங்கும் நாட்களில், நல்லமிளகுக் கொடி நட்டால் பிடிக்காமல் போகாது என்பது இங்கே வழக்கம். கிழங்குப் பயிர் பற்றி விவரம் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. எங்களுக்கு அது பக்கம், உங்கள் நிருபருக்கும் ஒரு ரயில் தூரம்தான்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் பேரன் ஒரு குச்சியில் அட்டை கட்டி, மழையில் நனையாமல் பாலித்தீன் பையைக் கவிழ்த்து, பாத்தி ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறான். அதில் எழுதியிருப்பது: "இஞ்சி. பாட்டா நட்டது. பேப்பர்ல வேண்டாம்னு சொன்னது."

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்